தொழிலதிபர் அரசியலுக்கு வந்தா நல்லது நடக்குமா? டெட்ராய்ட் ஷூ முதலாளி ஹேசன் பிங்ரீ

பிப்ரவரி 3, மாலை (கேள்வி)

முதலாளி எவனாவது அரசியலுக்கு வந்து ஜனங்களுக்கு நல்லது பண்ணிருக்கானா? தன் கம்பெனிக்கு வரி குறைச்சுக்கத்தான் வருவான். அமெரிக்காவை எடுத்துக்கோங்க, 1800கள்ல ரயில்வே முதலாளி, இரும்பு முதலாளி எல்லாம் செனட்டர் ஆனது எதுக்கு? ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க, நான் ஒத்துக்கறேன்.

பிப்ரவரி 3, ராத்திரி 10.40

ஒரு ஆள் இருக்காரு. ஹேசன் பிங்ரீ. அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல இருக்கற டெட்ராய்ட் ஊருக்கு மேயரா 4 தடவை ஜெயிச்சாரு, அந்த மாநிலத்துக்கே கவர்னரா 2 தடவை. அதுக்கு முன்னாடி ஷூ கம்பெனி முதலாளி. அதுக்கும் முன்னாடி கட்டிங் டேபிள்ல நின்னு தோல் வெட்டினவரு. நான் ஆம்பூர் பக்கம் 19 வருஷம் கட்டிங் செக்‌ஷன்ல இருந்தவன், அதனால இந்த மனுஷன் மேல எனக்கு தனி பிடிப்பு. நாளைக்கு எழுதறேன்.

பிப்ரவரி 4

1840ல மெயின் மாநிலத்துல டென்மார்க்னு ஒரு சின்ன ஊர்ல பொறந்தாரு. ஏழை குடும்பம். 14 வயசுல வீட்டை விட்டு கிளம்பி பருத்தி மில்லுல வேலை, அப்புறம் மாசசூசெட்ஸ்ல ஹாப்கின்டன்ங்கற ஊர்ல ஷூ பேக்டரில கட்டர். 1862ல உள்நாட்டுப் போருக்கு வடக்குப் படைல சேந்தாரு, 1864ல தெற்குக்காரங்க கைல மாட்டிக்கிட்டு ஆண்டர்சன்வில் முகாமுக்கு போனாரு. அந்த முகாம் பத்தி தெரியாதவங்களுக்கு: ஜார்ஜியாவுல திறந்த வெளில மரக்கட்டை வேலி போட்டு அடைச்சு வச்ச இடம், கூரை கெடையாது, உள்ள ஒரே ஒரு ஓடை, குடிக்கவும் அதான் கழுவவும் அதான், போன 45,000 பேர்ல கிட்டத்தட்ட 13,000 பேர் செத்துட்டாங்க. பிங்ரீ எப்படி தப்பிச்சாருன்னா, பின்னாடி வேற முகாமுக்கு மாத்தினாங்க, அங்க கைதிகளை பேர் சொல்லி கூப்பிட்டு அனுப்பறப்ப இன்னொருத்தன் பேருக்கு இவர் குரல் குடுத்து வெளிய வந்துட்டாரு. வந்தவரு வீட்டுக்கு போகல, திரும்ப படைல சேந்து போர் முடியற வரைக்கும் இருந்தாரு.

போர் முடிஞ்சதும் டெட்ராய்ட். அங்க ஹென்றி பால்ட்வின்னு ஒரு ஷூ வியாபாரி கிட்ட கொஞ்ச நாள் வேலை. 1866ல சார்லஸ் ஸ்மித்தோட கூட்டு சேந்து 1,360 டாலர் போட்டு பழைய மெஷினுங்களை வாங்கி சொந்தமா ஆரம்பிச்சாரு. பிங்ரீ அண்ட் ஸ்மித். 20 வருஷத்துல 700 பேர் வேலை செய்யற கம்பெனி. 1887ல தீப்பிடிச்சு எரிஞ்சுது, மறுபடி கட்டினாரு.

அந்த பால்ட்வினும் அப்புறம் மிச்சிகன் கவர்னர் ஆனவருதான், 1869ல. ஒரே ஊர் ஷூ தொழில்ல இருந்து ரெண்டு கவர்னர்.

பிப்ரவரி 4, ராத்திரி

ஒரு தம்பி கேட்டாரு, கவர்னர்னா நம்ம ஊர் ஆளுநர் மாதிரி ராஜ்பவன்ல உக்காந்துக்கற வேலைதானேன்னு. இல்ல தம்பி, அங்க கவர்னரை ஜனங்க ஓட்டு போட்டு தேர்ந்தெடுப்பாங்க, நம்ம முதலமைச்சர் பாக்கற வேலை அது. இதை முதல்லயே சொல்லிருக்கணும்.

பிப்ரவரி 5

நேத்து பொறப்பு வளர்ப்பு எழுதினேன், ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல. கட்டர் வேலை என்னன்னு தெரிஞ்சாதான் இந்த ஆளு மேயரா என்ன பண்ணாருன்னு புரியும்.

ஒரு தோலை டேபிள்ல விரிக்கறோம். முதல்ல கையால தடவிப் பாப்போம். முதுகு பக்கம் கெட்டியா இருக்கும், வயித்துப் பக்கம் இழுத்தா நீளும், கழுத்துல சுருக்கம் இருக்கும். உண்ணி கடிச்ச புள்ளி இருக்கும், முள்ளு கிழிச்ச கோடு இருக்கும், சூடு போட்ட தழும்பு இருக்கும். ஷூவுக்கு முன்னாடி தெரியற பாகம் முதுகுல இருந்துதான் வெட்டணும், நாக்கு மாதிரி உள்ள மறையற துண்டுக்கு வயித்துப் பக்கம் போதும். பேட்டர்னை, அதாவது துண்டோட அளவுக்கு வெட்டி வச்ச அச்சை, இப்படி வச்சா 7 துண்டு, கொஞ்சம் திருப்பி ஒண்ணுக்குள்ள ஒண்ணு பொருந்தற மாதிரி வச்சா 8 துண்டு. அந்த எட்டாவது துண்டுலதான் கம்பெனி லாபம் இருக்கு. ஒரு ஜோடி ஷூவுக்கு ஆவற செலவுல பெரிய பங்கு தோலுக்குத்தான், அதனால கட்டருக்கு எத்தனை அடி தோல் குடுத்தாங்க, எத்தனை ஜோடி வந்துது, எவ்ளோ வேஸ்டேஜ்னு தெனம் கணக்கு. நான் இருந்த ஒரு இடத்துல மட்டமான தோலை குடுத்துட்டு வேஸ்டேஜ் ஜாஸ்தின்னு எங்க கூலில பிடிச்சாங்க. தோல் மட்டம்னு நாங்க சொன்னா கேக்கற ஆள் இல்ல. அன்னிக்கி நான் கத்துக்கிட்டேன், கணக்கு தெரிஞ்சவனை ஏமாத்த முடியாது, ஆனா கணக்கு தெரிஞ்சும் அதிகாரம் இல்லன்னா ஒண்ணும் ஆவாது.

பிங்ரீ கிட்ட ரெண்டும் சேந்துது. டேபிள்ல நின்னு கைக்கத்தியால வெட்டினவரு, அப்புறம் முதலாளியா கொள்முதல் பாத்தவரு. ஒரு சாமான் அடக்க விலை என்ன, அதை எவன் எவ்ளோ ஏத்தி விக்கறான்னு மூக்குலயே தெரியும். அவரை மேயராக்கினது பணக்காரங்கதான். 1889ல டெட்ராய்ட் ரிபப்ளிகன் கட்சி பெரிய மனுஷங்க கூடி, நம்மள்ல ஒருத்தரு, தொழிலாளி ஓட்டும் வாங்குவாருன்னு இவரை நிறுத்தினாங்க. அவருக்கு இஷ்டமே இல்ல, ஷூ தொழில் பாக்கவே நேரம் பத்தலன்னாரு. ஜெயிச்சு வந்து நகராட்சி கணக்கை ஒரு முதலாளியா திறந்து பாத்தாரு. எல்லா எடத்துலயும் ஜாஸ்தி விலை, மட்டமான சரக்கு. வித்தது யாரு? அவரை நிறுத்தின அதே பெரிய மனுஷங்களோட கம்பெனிங்க.

கேள்வி கேட்டவருக்கு என் பதில் இதான். அவர் முதலாளியா இருந்தும் நல்லது பண்ணாருன்னு நான் சொல்லல. முதலாளியா இருந்ததாலதான் இன்னொரு முதலாளியோட திருட்டு அவர் கண்ணுல பட்டுதுன்னு சொல்றேன்.

பிப்ரவரி 6

உதாரணம் கேட்டாங்க.

ரோடு: அப்ப டெட்ராய்ட் தெருவெல்லாம் தார் கெடையாது, சீடர் மரக்கட்டையை துண்டு துண்டா வெட்டி அடுக்கினது. மழைல அழுகி குழி விழும், வெயில்ல தீப்பிடிக்கும். ஒப்பந்தக்காரங்க தங்களுக்குள்ள பேசி வச்சு ஏலம் கேட்டாங்க. அதை ஒடச்சாரு.

கழிவுநீர் குழாய்: மட்டமான சிமெண்டுல போட்டு சில வருஷத்துலயே பொடிப்பொடியா உதிர ஆரம்பிச்சிருந்துது.

சுங்கம்: ஊருக்குள்ளயே பெரிய ரோடுங்கள்ல தனியார் டோல்கேட் இருந்துது. வண்டில காய்கறி கொண்டு வர்ற விவசாயி காசு குடுத்துட்டுத்தான் ஊருக்குள்ள நுழையணும். அதுங்களையும் எடுக்க வச்சாரு.

தெரு விளக்கு: மத்த ஊருங்க ஒரு விளக்குக்கு வருஷத்துக்கு என்ன குடுக்கறாங்கன்னு விசாரிச்சு, டெட்ராய்ட் ஜாஸ்தி குடுக்குதுன்னு பட்டியல் போட்டு ஜனங்க முன்னாடி வச்சாரு. கொட்டேஷன் வாங்கி ஒப்பிடற புத்தி. 1893ல ஜனங்க ஓட்டு போட்டு சம்மதிச்சாங்க, 1895ல ஊருக்கு சொந்தமான மின்நிலையம் ஓட ஆரம்பிச்சுது, செலவும் குறைஞ்சுது.

ஸ்கூல் போர்டு: 1894 ஆகஸ்ட். சாமான் விக்கற கம்பெனிங்க கிட்ட போர்டு மெம்பருங்க லஞ்சம் வாங்கறாங்கன்னு ஆதாரம் சேத்துட்டு, கூட்டம் நடக்கறப்ப நேரா உள்ள போனாரு. வாங்கினவங்க தானா ராஜினாமா பண்ணிடுங்கன்னாரு. யாரும் எழுந்திரிக்கல. போலீஸ் தயாரா நின்னுது, 4 பேரை அந்த எடத்துலயே கைது பண்ணாங்க.

பிப்ரவரி 6, ராத்திரி

டிராம் கதைய விட்டுட்டேன், அதான் பெருசு. 1891 ஏப்ரல்ல டிராம் தொழிலாளிங்க ஸ்டிரைக். அப்ப குதிரை இழுக்கற டிராம். ஜனங்களும் கூட சேந்து தண்டவாளத்தை பேத்து எடுத்தாங்க. படையை கூப்பிடுங்கன்னு கம்பெனி பக்கம் நெருக்கினாங்க, இவர் கூப்பிடல, உக்காந்து பேசுங்கன்னாரு. அப்பலருந்து டிராம் கம்பெனிக்கும் இவருக்கும் சண்டைதான். டிக்கெட் 5 சென்ட், 3 சென்ட்டுக்கு ஓட்ட முடியும்னு இவர் கணக்கு. அவங்க முடியாதுன்னாங்க. சரின்னு போட்டி கம்பெனி ஒண்ணுக்கு அனுமதி குடுத்தாரு, 1895ல அது ஓட ஆரம்பிச்சுது, 25 சென்ட்டுக்கு 8 டிக்கெட்.

கணக்கு போட்டு பாருங்க. ஒரு டிக்கெட் 3 சென்ட்டுக்கு ஒரு துளி மேல. போக வர தெனம் ரெண்டு தடவை, வருஷத்துல 300 நாள் வேலைக்கு போனா 11 டாலருக்கு மேல மிச்சம். கூலிக்காரனுக்கு அது ஒரு வார சம்பளத்துக்கு மேல.

பிப்ரவரி 8

உருளைக்கிழங்கு. அவரோட பட்டப்பேரே உருளைக்கிழங்குதான், முதல்ல கேலியா வச்சது, அப்புறம் பாசமா ஆயிடுச்சு.

1893ல அமெரிக்கா முழுக்க பாங்கு விழுந்துது, பேக்டரி மூடிச்சு. டெட்ராய்ட்ல பாதிக்கப்பட்டது முக்கியமா போலந்து, ஜெர்மனி நாட்டுல இருந்து வந்த தொழிலாளிங்க, ஊர்ல விவசாயம் தெரிஞ்சவங்க. நிவாரண பணம் தீந்துட்டு இருந்துது. பிங்ரீ ஊரைச் சுத்தி பாத்தாரு. விலை ஏறட்டும்னு வாங்கி போட்ட மனைங்க ஏக்கர் கணக்குல காலியா புல்லு முளைச்சு கெடந்துது. இங்கதான் எனக்கு கட்டர் கண்ணு தெரியுது. தோல்ல பேட்டர்ன் வச்சது போக மூலைல ஒரு துண்டு மிஞ்சி கெடந்தா எங்களால சும்மா பாத்துட்டு இருக்க முடியாது, இதுல ஒரு நாக்கு வருமே, ஒரு பட்டி வருமேன்னு கை துடிக்கும். அவர் கண்ணுக்கு ஊரே விரிச்சு போட்ட தோல் மாதிரி தெரிஞ்சிருக்கணும்னு நெனைக்கறேன்.

அந்த நிலத்தை பிரிச்சு வேலை இல்லாத குடும்பங்களுக்கு பயிர் பண்ண குடுக்கலாம்னாரு. விதை வாங்க, உழ பணம் வேணும். சர்ச்சுங்க கிட்ட வசூல் பண்ணித் தாங்கன்னு கேட்டாரு. வந்தது 13 டாலர் 80 சென்ட். ஊரே சிரிச்சுது, பேப்பர்ல கார்ட்டூன் போட்டாங்க. இவர் என்ன பண்ணாருன்னா தன்னோட நல்ல ஜாதிக் குதிரையை ஏலத்துல வித்து அந்த பணத்தை போட்டாரு. 1894 வெயில் காலத்துல சுமார் 430 ஏக்கர், 945 குடும்பம். கேட்டு வந்தது 3,000 குடும்பம், எல்லாருக்கும் குடுக்க நிலம் உழுது முடியல. கார்டனர்னு ஒரு ராணுவ கேப்டன் பொறுப்பா நின்னு நடத்தினாரு. உருளைக்கிழங்கு, பீன்ஸ், டர்னிப், கோஸ். செலவு 3,600 டாலர், விளைஞ்சது சுமார் 14,000 டாலர் மதிப்பு. குடும்பத்துக்கு 15 டாலர் கிட்ட வருது. நியூயார்க், பாஸ்டன், பஃபலோன்னு மத்த ஊருங்களும் இதையே பண்ணாங்க.

அதுல எனக்கு பிடிச்ச விஷயம், யாரும் வரிசைல நின்னு கை நீட்டல. தான் தோண்டினதை தான் எடுத்துட்டு போனாங்க.

பிப்ரவரி 8, கொஞ்ச நேரம் கழிச்சு

ஒரு திருத்தம். மேல எழுதினதை படிச்சா நிலத்தை மேயர் பிடுங்கி குடுத்தாருன்னு அர்த்தம் வருது. இல்ல. சொந்தக்காரங்க கிட்ட கேட்டு வாங்கினது, நிலம் அவங்களோடதுதான், பயிர் மட்டும் ஜனங்களுக்கு. விலை வந்தா வித்துக்கலாம். அதனாலதான் மனைக்காரங்க ஒத்துக்கிட்டாங்க.

பிப்ரவரி 10

2020 ஊரடங்குல எங்க செக்‌ஷன் ரெண்டரை மாசம் மூடிக் கெடந்துது. சம்பளம் வரல. எங்க தெருவுக்கு பின்னாடி பிளாட் போட்டு கல்லு நட்ட நிலம், 8 வருஷமா சும்மா. தெருப் பொம்பளைங்கதான் முதல்ல இறங்கினாங்க, சிறுகீரை, வெண்டை, கொத்தவரைன்னு தூவி விட்டாங்க, குடத்துல தண்ணி தூக்கி ஊத்தினாங்க. கீரை 25 நாள்ல வந்துடுச்சு. ஜூலைல மனைக்காரரோட ஆளு வந்து கம்பி வேலி போட்டுட்டு போனாரு, வெண்டை காய்ச்சு நின்ன நேரம் அது. வேலிக்கு வெளிய இருந்து கையை விட்டு பறிச்சாங்க பசங்க.

பிங்ரீ பத்தி அப்புறம்தான் படிச்சேன். படிச்சப்ப எனக்கு கோவம்தான் வந்துது. எங்க ஊர்லயும் நிலம் இருந்துது, கை இருந்துது, விதை இருந்துது. போய் மனைக்காரர் கிட்ட ஊர் சார்பா கேக்க ஒரு ஆள் இல்லாம போச்சு.

பிப்ரவரி 13

இவ்ளோ புகழ்ந்துட்டேன், மத்த பக்கமும் சொல்லணும். ரெண்டு நாளா யோசிச்சுத்தான் எழுதறேன்.

ஒண்ணு, 1896ல கவர்னரா ஜெயிச்சதும் மேயர் பதவியை விடமாட்டேன்னாரு. ரெண்டையும் வச்சுக்கிட்டாரு. 1897ல மாநில உச்ச நீதிமன்றம் முடியாதுன்னு சொன்ன அப்புறம்தான் மேயர் நாற்காலியை விட்டாரு. டிராம் சண்டை பாதில நிக்குது, விட்டா கெட்டுப் போவும்னு அவர் பக்கம் நியாயம் இருந்துது. இருந்தாலும் தப்புதான், வேற யாராவது இதை பண்ணிருந்தா நாம என்ன சொல்லிருப்போம்?

ரெண்டு, இதான் எனக்கு ரொம்ப வலிக்குது. அவர் போட்ட மாநில படை அதிகாரிங்க, நல்ல சீருடைங்களை உபரின்னு சொல்லி ஒரு போலி கம்பெனிக்கு சல்லிசா வித்து, அதையே ஜாஸ்தி விலைக்கு புதுசுன்னு திரும்ப வாங்கினாங்க. அப்பட்டமான திருட்டு. கோர்ட்டுல மாட்டினாங்க. பதவி முடியற கடைசி நாட்கள்ல, சிறைக்கு பதிலா அபராதம் கட்டுங்கன்னு பிங்ரீ மன்னிப்பு குடுத்துட்டாரு. ஸ்கூல் போர்டு கூட்டத்துல போலீசோட போய் நின்ன அதே மனுஷன். அடுத்தவன் தோல்ல இருக்கற ஓட்டையை பாத்தவருக்கு தன் மேஜை மேல இருந்தது தெரியலையா, தெரிஞ்சும் விசுவாசம் பெருசா போச்சா. நான் அவர் இடத்துல இருந்து பாத்தேன், கூட நின்னவங்களை ஜெயிலுக்கு அனுப்ப மனசு வராதுதான். ஆனா நான் மன்னிக்கல இதை.

கேள்வி கேட்டவரு இதை வச்சு "பாத்தீங்களா"ன்னு சொல்லலாம். சொல்லுங்க. ஆனா தன் கம்பெனிக்காக இதை பண்ணல. அவரால அவர் கம்பெனிக்கு வந்தது பகைதான். பாங்கு டைரக்டர் பதவி போச்சு, சர்ச்சுல குடும்பத்துக்குன்னு இருந்த இருக்கை போச்சு. பேப்பருங்க இவர் சொல்றதை போட மறுத்தப்ப சிட்டி ஹால் முன்னாடி பலகை வச்சு தானே எழுதி ஒட்டினாரு, ஜனங்க கூட்டமா நின்னு படிச்சாங்க.

பிப்ரவரி 14

போன ஜூன்ல மகன் வீட்டுக்கு போனப்ப டெட்ராய்ட்ல கிராண்ட் சர்கஸ் பார்க் கூட்டிட்டு போகச் சொன்னேன். மகனுக்கு பிங்ரீ யாருன்னே தெரியாது, அங்க 6 வருஷமா இருக்கான். நாற்காலில உக்காந்த மாதிரி சிலை, 1904ல வச்சது, சாதாரண ஜனங்க சில்லறை சில்லறையா குடுத்த காசுல. பெரிய கம்பெனிங்களோட ஆபத்தை ஜனங்களுக்கு முதல்ல எடுத்துச் சொன்னவருன்னு பீடத்துல செதுக்கிருக்காங்க. நான் முதல்ல சிலையோட கால்ல இருந்த ஷூவைத்தான் பாத்தேன், 19 வருஷ பழக்கம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு சிலை, மேபரி. பிங்ரீக்கு அப்புறம் மேயர் ஆன எதிர்க்கட்சிக்காரரு. ரெண்டு பேருக்கும் நடுவுல உட்வர்ட் அவென்யூ, அதுல இப்ப ஒரு டிராம் போவுது. ஏறி உக்காந்து டிக்கெட் எங்க வாங்கறதுன்னு கேட்டேன். டிக்கெட்டே இல்லப்பா, ஃப்ரீன்னான் மகன். 5 சென்ட்டா 3 சென்ட்டான்னு மனுஷன் வருஷக்கணக்கா மல்லுக்கட்டின ஊரு.

பிப்ரவரி 17

கடைசியா கவர்னர் காலம், சுருக்கமா, ஏன்னா அதுல அவர் உயிரோட இருக்கற வரைக்கும் ஜெயிக்கல. மிச்சிகன்ல சொந்த வீடு வச்சிருக்கறவன் வீட்டு மதிப்புக்கு வரி கட்டினான். ரயில்வே கம்பெனி சொத்து மதிப்புக்கு கட்டல, வருமானத்துல ஒரு பங்கு மட்டும். எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வைங்கன்னாரு. அவர் சொந்த கட்சி செனட்டருங்க 19 பேரே குறுக்க நின்னாங்க. 1899ல ஒரு வழியா சட்டம் வந்துது, மாநில உச்ச நீதிமன்றம் செல்லாதுன்னுடுச்சு. விடல. அரசியல் சட்டத்தையே திருத்தணும்னு ஜனங்க கிட்ட போனாரு, 1900 நவம்பர்ல பெரும்பான்மையா ஓட்டு விழுந்துது. அதே வருஷம் மிச்சிகன் பல்கலைக்கழகத்துல மார்டிமர் கூலின்னு (Cooley) ஒரு இஞ்சினியரிங் பேராசிரியரை வச்சு மாநிலத்துல இருக்கற தண்டவாளம், பாலம், இஞ்சின் எல்லாத்தையும் எண்ணி அளந்து மதிப்பு போட வச்சாங்க. 20 கோடி டாலருக்கு மேல வந்துது. அடக்க விலை தெரியாம பேசக்கூடாதுங்கற அதே புத்தி.

1901 ஜனவரில பதவி முடிஞ்சுது. ஆப்பிரிக்காவுக்கு பயணம் போனாரு, திரும்பற வழில வயித்துல நோய், ஜூன் 18 அன்னிக்கி லண்டன்ல போய் சேந்துட்டாரு. 60 வயசு. பிரிட்டன் ராஜா தன்னோட டாக்டருங்களை அனுப்பி பாத்தும் முடியல.

பிப்ரவரி 17, ராத்திரி

அப்ப அந்த ரயில்வே வரி என்னாச்சுன்னு ஒரு அண்ணன் கேட்டாரு. சட்டம் 1901லயே புதுசா போட்டாங்க, கம்பெனிங்க அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாங்க, 1906ல தோத்தாங்க. அந்த வரிப் பணம் ஆரம்பப் பள்ளிக்கூட நிதிக்கு போச்சு. டிராம் ஊருக்கு சொந்தமானது 1922ல, அப்ப மேயரா இருந்தவரு ஜேம்ஸ் கசன்ஸ், அவரும் ஃபோர்டு கம்பெனில பங்கு வச்சு சம்பாதிச்சுட்டு வந்த முதலாளிதான். கேள்வி ஒரு ஆளைக் கேட்டுது, ரெண்டாவது ஆளையும் எழுதிட்டேன்.